இரண்டாவது நகர்த்தலில் வெளியே வரும் ராணி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேரன் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தாத்தா, நீங்க தப்புன்னு சொன்ன ஆட்டத்தை எவ்ளோ பெரிய ஆளு ஆடியிருக்காரு பாருங்க" என்றான். பன்னிரண்டு வயது. சென்னையில் படிக்கிறான். விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்தால் பகலெல்லாம் போனில் செஸ், சாயங்காலம் என்னோடு பலகையில் செஸ். அன்று காலையில்தான் அந்த ஆட்டத்தை என்னிடம் ஆடித் தோற்றிருந்தான். "ராணியை ரெண்டாவது நகர்த்தல்லயே தெருவுக்குக் கூட்டிட்டு வராதடா" என்று நான் சொன்னதற்கு இது பதிலடி.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு ஆட்டம். வெள்ளைக் காய் அமெரிக்காவின் ஹிகாரு நாகமுரா. கறுப்புக் காய் நம் சென்னைக்காரர் கிருஷ்ணன் சசிகிரண். முதலில் இருவரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். அடுத்ததாக நாகமுராவின் ராணி மூலைவாட்டில் பாய்ந்து பலகையின் ஓரத்தில் வந்து நிற்கிறது. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன்கள் ஆடுவார்களே, அதே நகர்த்தல்!

மாலை நடையின்போது இதைப் பழைய சகா ஒருவரிடம் சொன்னேன். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஆட்டத்தைப் பள்ளிக்கூடப் போட்டியில தடையே பண்ணணும் சார். நாலு நகர்த்தல்ல ஜெயிச்சிட்டு ஒருத்தன் கப்பு வாங்கிட்டுப் போறான். அதுல என்ன சார் மூளை இருக்கு?" என்றார்.

பெரியவர் ஒருவர் ஆடிவிட்டார், ஆகவே நல்ல ஆட்டம் என்கிறான் பேரன். சிறு பிள்ளைகளின் குறுக்கு வழி, ஆகவே கெட்ட ஆட்டம் என்கிறார் நண்பர். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். இதில் என் பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன். செஸ் தெரியாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடினம் ஒன்றும் இல்லை. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். நான் ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். மூலைவாட்டில் ஓடுவது மந்திரி. நேர்க்கோட்டில் ஓடுவது யானை.

எதிராளியின் கோட்டையில் ஒரு பலவீனமான கட்டம் உண்டு. ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மந்திரிக்கு முன்னால் ஒரு சிப்பாய் இருக்கிறதல்லவா, அந்தக் கட்டம். மற்ற சிப்பாய்களுக்கெல்லாம் ராணியோ யானையோ குதிரையோ மந்திரியோ ஏதாவது ஒரு காய் காவல் இருக்கும். இந்தச் சிப்பாய்க்கு ராஜா மட்டும்தான் காவல். ஓரத்துக்கு வந்த வெள்ளை ராணியின் ஒரு கண் அந்தச் சிப்பாய் மேல். இன்னொரு கண், நடுவில் இரண்டு கட்டம் வந்து நிற்கும் சிப்பாய் மேல். அந்த நடுச் சிப்பாய்க்கு இன்னும் காவலே வரவில்லை. அடுத்ததாக வெள்ளை மந்திரியும் வெளியே வந்து அதே பலவீனமான கட்டத்தைக் குறி பார்க்கும். கறுப்பு கவனிக்காவிட்டால் நாலாவது நகர்த்தலில் ராணி அங்கே இறங்கும். மந்திரி பின்னால் காவல் நிற்பதால் ராஜாவால் ராணியை வெட்ட முடியாது. செக்மேட்.

உலகம் முழுக்கக் குழந்தைகள் இதில்தான் முதலில் சிக்குகிறார்கள். ஆங்கிலத்தில் இதை மாணவன் மேட் என்ற பொருளில் அழைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆடு மேய்ப்பவன் மேட். இத்தாலியில் நாவிதன் மேட். ரஷ்யாவில் குழந்தை மேட். ராணியை இரண்டாவது நகர்த்தலிலேயே ஓரத்துக்குக் கொண்டுவரும் தொடக்கத்துக்கு அமெரிக்க ஆட்டக்காரர் பெர்னார்ட் பர்ஹாம் பெயரால் பர்ஹாம் தாக்குதல் என்ற பெயரும் உண்டு. ராணியை முன்கூட்டியே வெளியே எடுப்பதை வாழ்நாள் முழுக்கக் கொள்கையாகவே வைத்திருந்தவர் அவர்.

நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் இந்த வித்தை நடந்திருக்காது. அங்கே ராணியே கிடையாது. அந்த இடத்தில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் அந்தக் காய் ராணியாகி இன்றைய வேகம் பெற்றது. வேகம் வந்ததும் அவசரமும் கூடவே வந்துவிட்டது!

இப்போது என் கணக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. நாம் தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தானே. நான் கணக்கு வாத்தியார். பள்ளி விட்ட பிறகு ஏழெட்டுப் பையன்களுக்கு செஸ் சொல்லித் தருவேன். பலகைகள் நாலு, அதில் இரண்டில் காய் குறையும். காணாமல் போன யானைக்குப் பதில் பேனா மூடி நிற்கும். தாலுகா அளவில் ஒரு போட்டி வந்தது. எனக்குக் கப்பு ஆசை. பையன்களுக்கு முழு ஆட்டமும் சொல்லித் தர நேரம் இல்லை. ஆகவே இந்த நாலு நகர்த்தலைச் சொல்லிக் கொடுத்தேன். "எதிராளி யாருன்னே பார்க்காதே. ராணியை ஓரத்துக்குக் கொண்டு போ. பாதிப் பேர் அங்கேயே விழுந்துடுவான்" என்று நான் சொன்னது இன்றும் என் காதில் கேட்கிறது.

போட்டிக்குக் கல்வராயன் மலையிலிருந்தும் ஒரு பையன் வந்திருந்தான். வெள்ளிமலைப் பக்கம். அந்த நாளில் அங்கிருந்து இறங்கி வருவதென்றால் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். மலைப்பாதை, கோமுகி அணை, கச்சிராயபாளையம், பிறகு கள்ளக்குறிச்சி. ஜாகீர்தார்களின் ஆளுகை முடிந்து அரசு நிர்வாகம் முழுசாக மலை ஏறியதே 1976இல்தான். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் அதற்கு அப்புறம் மெல்ல மெல்லத்தான் வந்தன. பையனைக் கூட்டி வந்த ஆசிரியர் இளைஞர். "ஆடுபுலி ஆட்டத்துல இவனை எங்க ஊர்ல யாரும் ஜெயிக்க முடியாது சார். செஸ் போன மாசம்தான் கத்துக்கிட்டான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

முதல் சுற்றிலேயே அவனுக்கு எதிரில் உட்கார்ந்தது என் மாணவன். சிப்பாய், ராணி, மந்திரி, செக்மேட். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மலைப் பையன் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது என்பதே அவனுக்குப் புரியவில்லை. அடுத்த காயை நகர்த்தக் கையைத் தூக்கினான். நடுவராக இருந்தவர் அவன் தோளைத் தட்டி எழுப்பினார். நாக்அவுட் போட்டி. தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். நான் என் மாணவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது பார்த்தேன். அந்தப் பையனும் ஆசிரியரும் பஸ் நிலையம் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பையன் கையில் பொட்டலமாகக் கட்டிய சாப்பாடு பிரிக்காமலே இருந்தது. அடுத்த வருடப் போட்டிக்கு மலையிலிருந்து யாரும் வரவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

அந்தப் பையனுக்கு செஸ் வரும் என்றோ வராது என்றோ அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. அவனுக்கு ஒரு பதில் தெரியாது என்பது மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பதிலைச் சொல்லித் தரப் பத்து நிமிடம் போதும்.

இந்தத் தொடக்கத்தின் விசித்திரமே இதுதான். ஆடுபவரின் தரம் மாற மாற இதன் மதிப்பும் மாறிக்கொண்டே போகும். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி, செஸ் கற்று ஒரு மாதம் ஆனவர்கள். இங்கே இந்த ஆட்டம் பொல்லாத ஆயுதம். ராணியைக் கண்டதும் பிள்ளைகளுக்குப் பதற்றம் வருகிறது. விரட்ட வேண்டும் என்று யானைப் பக்கத்துக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார்கள். உடனே ராணி நடுச் சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் சொல்லும். அதே இடத்திலிருந்து மூலை யானையையும் குறி வைத்திருக்கும். ராஜாவைக் காப்பாற்றினால் யானை போச்சு. இன்னும் சிலர் பயத்தில் ராஜாவையே ஒரு கட்டம் முன்னால் நகர்த்துவார்கள். அப்போது மூன்றாவது நகர்த்தலிலேயே செக்மேட். இதையெல்லாம் தாண்டியவர்கள் நாலாவதில் விழுவார்கள்.

இரண்டாம் படி, பதில் தெரிந்தவர்கள். ராணி ஓரத்துக்கு வந்ததும் ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து நடுச் சிப்பாய்க்குக் காவல் போடு. மந்திரி வந்ததும், முன்னே தப்பு என்று சொன்னேனே, அதே சிப்பாயை இப்போது ஒரு கட்டம் தள்ளு. இப்போது அது சரி. ஏனென்றால் நடுச் சிப்பாய்க்குக் காவல் வந்துவிட்டது. ராணி பின்வாங்கி இன்னொரு பக்கமிருந்து அதே பலவீனமான கட்டத்தைப் பார்க்கும். ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து வழியை மறி. அவ்வளவுதான். இரண்டு குதிரையும் ஒரு சிப்பாயும். இப்போது எண்ணிப் பாருங்கள். கறுப்பின் இரண்டு குதிரைகளும் நல்ல இடத்தில் நிற்கின்றன. வெள்ளையின் ராணியோ தன் சொந்தக் குதிரை வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிராளியை மிரட்டக் கிளம்பிய ராணி இனி ஒவ்வொரு காய்க்கும் பயந்து ஓட வேண்டும்.

ஒரு வருடம் ஆடிய பிள்ளைகளிடம் இந்த ஆட்டம் எடுபடாமல் போவது இதனால்தான். அதைவிட மோசம், இதையே நம்பி ஜெயித்துப் பழகியவன் இந்தப் படியில் திகைத்து நிற்கிறான். ஐந்தாவது நகர்த்தலிலிருந்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. கப்பு வாங்கிய என் மாணவனுக்கு அதுதான் நடந்தது. தாலுகாவில் முதல் பரிசு. அதற்கு மேல் போன இடத்தில் முதல் ஆட்டத்திலேயே சரியான பதிலைச் சந்தித்தான். வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்தான். "சார், அவன் குதிரையை எடுத்துட்டான் சார்" என்றான். அவன் மேல் தப்பில்லை. நான் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது செஸ் இல்லை, செஸ் தெரியாதவனை அடிக்கும் வழி.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று புலி, பதினைந்து ஆடு. புதியவன் ஆட்டைக் கையில் எடுத்தால் புலி ஒன்றொன்றாகத் தின்று தீர்த்துவிடும். பழகியவன் கையில் அதே ஆடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்று புலியைக் கட்டிவிடும். காயும் பலகையும் மாறவில்லை, ஆடுகிறவன்தான் மாறியிருக்கிறான். எங்கள் அப்பா காலத்தில் கோயில் மண்டபத் தரையில் கோடு கிழித்து ஆடியவர்கள், சிறுவர்களுக்கு முதலில் ஆட்டைத்தான் கொடுத்துத் தோற்கச் சொல்வார்கள். ஆனால் எழுப்பி அனுப்ப மாட்டார்கள். "இன்னொரு ஆட்டம் போடு" என்பார்கள்.

மூன்றாம் படி, கிராண்ட்மாஸ்டர்கள். பேரன் காட்டிய ஆட்டம் இங்கே வருகிறது. 2005இல் சசிகிரணுக்கு வயது 24. கிராண்ட்மாஸ்டர் ஆகி ஐந்தாண்டு ஆகியிருந்தது. நாகமுராவுக்கு 17. அமெரிக்க சாம்பியன் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்தார். டென்மார்க்கின் கோபன்ஹேகனும் சுவீடனின் மால்மோவும் சேர்ந்து நடத்திய போட்டி. சசிகிரண் பதறவில்லை. குதிரை, சிப்பாய், குதிரை என்று நான் மேலே சொன்ன அதே பதிலைத்தான் ஆடினார். பள்ளிப் பையனுக்குச் சொல்லித் தரும் பதிலும் கிராண்ட்மாஸ்டர் ஆடும் பதிலும் ஒன்றே!

ஆனால் அதோடு ஆட்டம் முடியவில்லை என்பதைப் பேரன் கவனிக்கவில்லை. வெள்ளையும் உடனே நொறுங்கிவிடவில்லை. நடுவில் தனக்கு நல்ல நிலை கிடைத்தது என்று நாகமுராவே பிறகு சொன்னார். ஆட்டம் 87 நகர்த்தல் வரை போயிற்று. கடைசியில் சசிகிரண் ஜெயித்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் நிகோலா மிட்கோவ் என்ற கிராண்ட்மாஸ்டரிடமும் நாகமுரா இதே தொடக்கத்தை ஆடினார். அது டிரா. இன்றைய கணினியிடம் கேட்டால், வெள்ளைக்கு முதலில் ஆடுவதால் கிடைக்கும் சின்ன லாபம் இதில் போய்விடுகிறது என்று சொல்லும். தோற்றுவிட்டது என்று சொல்லாது.

ஆக அடிப்படியில் நாலு நகர்த்தலில் முடிந்துபோகும் ஆட்டம், மேற்படியில் 87 நகர்த்தல் போகிறது. அங்கே அது ஆயுதமும் இல்லை, தற்கொலையும் இல்லை. அதற்குப் பிறகு வரும் எண்பத்துச் சொச்ச நகர்த்தல்களை யார் நன்றாக ஆடுகிறார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

"அப்ப விசித்திரமான தொடக்கம் பெரிய ஆளுங்ககிட்ட ஜெயிக்கவே ஜெயிக்காதா தாத்தா?" என்று பேரன் கேட்டான். ஜெயிக்கும். 1980இல் சுவீடனின் ஸ்காரா நகரில் இங்கிலாந்தின் டோனி மைல்ஸ், உலக சாம்பியன் கார்ப்போவுக்கு எதிராக முதல் நகர்த்தலிலேயே ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். புத்தகப்படி அது பிள்ளை விளையாட்டு. ஆனால் ஆட்டத்தை ஜெயித்தது மைல்ஸ்தான். அந்தச் சிப்பாய் ஜெயித்தது என்று யாரும் சொல்ல முடியாது. பழகிய பாதையை விட்டு உலக சாம்பியனை வெளியே இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு மைல்ஸ் தன் சொந்தத் திறமையால் ஆடினார். என் மாணவனிடம் அந்த "அதற்குப் பிறகு" இல்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மீர் சுல்தான் கான். பிரிக்கப்படாத பஞ்சாபின் கிராமத்துக்காரர். நாட்டு முறைச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். 1929இல் தன் எசமானரோடு லண்டன் போனபோது ஐரோப்பியத் தொடக்கங்கள் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஆரம்பத்தில் தடுமாறினார். அங்கிருந்த ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பிறகு 1932, 1933 என்று இன்னும் இரண்டு முறை. முன்னாள் உலக சாம்பியன் கப்பபிளாங்காவையும் வென்றார். தொடக்கம் தெரியாதது வேறு, ஆட்டம் வராதது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தடுமாறிய முதல் வாரத்திலேயே அவரை ஊருக்குக் கப்பல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சுல்தான் கானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது.

ஆகவே பேரனுக்கும் நண்பருக்கும் நான் சொல்லும் பதில் இதுதான். ஒரு நகர்த்தலை நல்லது என்றும் கெட்டது என்றும் மொட்டையாகச் சொல்ல முடியாது. எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தடை செய்வதால் பயன் இல்லை. சட்டப்படியான நகர்த்தலை எந்த நடுவரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, செஸ் சொல்லித் தரும் முதல் வாரத்திலேயே இந்தப் பொறியையும் அதன் பதிலையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். ஜெயிப்பதற்காக அல்ல, விழாமல் இருப்பதற்காக. ஒரு பிள்ளை வெள்ளையாகவும் இன்னொரு பிள்ளை கறுப்பாகவும் உட்கார்ந்து, பிறகு இடம் மாறி ஆடிப் பார்க்க வேண்டும். நகரத்தில் இன்று பயிற்சி மையங்கள் இருக்கின்றன. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெல்லாம் வேட்டி கட்டிய தம்பிக் குதிரை நின்றது. குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆன பிறகு பெற்றோர்களின் ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நல்லதுதான். மலையில் படிக்கும் பிள்ளைக்கும் செல்போன் ஓரளவு எட்டிவிட்டது. ஆனால் எதிரில் உட்கார்ந்து, "ஏன் அந்தச் சிப்பாயைத் தள்ளினே?" என்று கேட்க ஆள் வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மாலையிலும் அங்கேயேதான் இருக்கிறார்கள். பலகையும் ஒரு ஆளும் போதும்.

இரண்டு, சிறு பிள்ளைகளுக்கு நாக்அவுட் முறையை விட்டொழிக்க வேண்டும். "நேரம் இல்லை சார்" என்பார்கள். கணக்கு வாத்தியாரிடம் இந்தச் சாக்கு செல்லாது. 32 பிள்ளைகள் என்று வையுங்கள். நாக்அவுட்டில் முதல் சுற்று முடிந்ததும் 16 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 16, 8, 4, 2, 1 என்று ஐந்து சுற்று, மொத்தம் 31 ஆட்டம். சுவிஸ் முறையில் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி எடுத்தவர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். அதற்கும் அதே ஐந்து சுற்றுத்தான், ஆனால் ஆட்டம் 80. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து ஆட்டம் கிடைக்கும். கூடுதலாக வேண்டியது கடைசிவரை 16 பலகை, அவ்வளவுதான். 1895இல் சூரிச் நகரில் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள், அதனால்தான் இந்தப் பெயர். மாமல்லபுரம் ஒலிம்பியாடும் இந்த முறையில்தான் நடந்தது. உலக அளவில் தோற்றவருக்கு இன்னொரு ஆட்டம் தருகிறோம். நாலு மணிக்கு எழுந்து மலை இறங்கி வந்த பத்து வயதுப் பையனுக்கு ஏன் தரக்கூடாது?

அன்றைக்குச் சுவிஸ் முறை இருந்திருந்தால் அந்தப் பையன் இரண்டாவது சுற்றில் தன்னைப் போலவே தோற்ற ஒருவனோடு உட்கார்ந்திருப்பான். ஒருவேளை அவனும் ராணியை ஓரத்துக்குக் கொண்டு வந்திருப்பான். இந்த முறை நம் பையன் அதைக் கண்டுகொண்டிருப்பான். ஆடுபுலி ஆட்டத்தில் ஊரையே ஜெயித்தவனுக்கு ஒரு பொறியை இரண்டு முறை காட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அந்தக் காலத்துல போட்டிக்கு அட்டவணை போட்டதே நாங்கதானே சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கப்புக்கு ஆசைப்பட்டது நான், அட்டவணை போட்டது அவர். இருவருமாகத்தான் அந்தப் பையனை அனுப்பினோம்.

அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மேலே சாமையோ மரவள்ளியோ பயிர் வைத்திருக்கலாம். கேரளாவிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்கலாம். அவன் பிள்ளைகள் இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

மலைப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். என்னிடம் காய் குறையாத பலகை ஆறு இருக்கிறது. முட்டிவலி விட்டால் மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன். டிரில் மாஸ்டரும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு செஸ் தெரியாது. முதல் நாள் அவரையே எதிரில் உட்கார வைத்துப் பிள்ளைகளுக்கு ராணியின் பொறியைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.